கையைக் கடிக்காத விலையில் ஹெட்ஃபோன்: வாசகர் கேள்வி – பதில்

குறைந்த செலவில் பாட்டு கேட்க நல்ல ஹெட்ஃபோன் எது, வாங்கியதை ஒழுங்காகப் பயன்படுத்துவது எப்படி என்று வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கே: பாட்டு கேட்பதற்கென்றே ஒரு ஹெட்ஃபோன் வாங்க வேண்டும். கையில் இருப்பதோ கொஞ்சம் பணம். வயர் வைத்ததா, ப்ளூடூத்தா? காதுக்குள் செருகுவதா, காதை மூடுவதா? எதிலிருந்து தொடங்குவது?

ப: எங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். மாடல் பெயரெல்லாம் அப்புறம்.

பேருந்து, ரயில், அலுவலகம் என்று சுற்றிலும் சத்தம் இருக்கும் இடமென்றால், காதுக்குள் செருகும் வயர் இயர்ஃபோன்தான். ரப்பர் முனை காதுத் துளையைச் சரியாக அடைத்துவிட்டால் வெளிச்சத்தம் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கு பேட்டரியும் வேண்டாம், நாய்ஸ் கேன்சலிங்கும் வேண்டாம். அமைதியான அறையில் தனியாகக் கேட்பவர் என்றால் ஓப்பன் பேக் வகையைப் பாருங்கள். இதில் காதின் மேல் உட்காரும் கிண்ணத்தின் பின்புறம் வலை போல் திறந்திருக்கும். டிரைவரின், அதாவது உள்ளே ஒலியை எழுப்பும் பாகத்தின், பின்பக்க ஒலி வெளியே போய்விடுவதால் பாட்டு நெரிசலில்லாமல் விரிந்து கேட்கும். சென்ஹைசர் நிறுவனம் 1968-இல் எச்டி 414 ஹெட்ஃபோன் மூலம் தொடங்கிவைத்த வழி இது. குறை என்னவென்றால், நீங்கள் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும்; அவர் பேசுவது உங்களுக்கும் கேட்கும்.

விலை குறைவான பிரிவில் எங்களுக்கு நம்பிக்கை குறைவாக இருப்பது, காதை முழுதாக மூடும் க்ளோஸ்டு பேக் வகையில்தான். பின்பக்க ஒலி பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள்ளேயே மோதித் திரும்பி வரும். அதை அடக்க நல்ல வடிவமைப்பும் உள்ளே ஒலியை உறிஞ்சும் பஞ்சும் வேண்டும். அதில் கை வைத்துச் செலவைக் குறைத்தால், பாடுபவர் குடத்துக்குள் இருந்து பாடுவது போலிருக்கும். பலருக்கு இது "பேஸ் (தாழ்ந்த ஒலி) அதிகம்" என்று தோன்றும். உண்மையில் அது 150 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை உள்ள வீக்கம் (ஹெர்ட்ஸ் என்பது ஒலி ஒரு வினாடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்ற கணக்கு). ஆண் குரலையும் மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலிப் பக்கமான தொப்பியையும் ஒன்றாகக் குழைத்துவிடும்.

ப்ளூடூத்தில் நீங்கள் கொடுக்கும் பணம் பேட்டரி, சிப், மைக், சார்ஜ் ஆகும் பெட்டி என்று பங்கு பிரிந்துவிடுகிறது. ஒலிக்கென்று மிஞ்சுவது கொஞ்சம்தான். லித்தியம் பேட்டரி சில நூறு தடவை சார்ஜ் ஆனபிறகு தளர்ந்துவிடும். சின்ன பட்ஸ்களில் அதை மாற்ற பெரும்பாலும் வழியே கிடையாது. வயர் ஹெட்ஃபோனில் கெடுவது கேபிளும் இயர் பேடும் (காதில் படும் மெத்தை)தான், இரண்டையும் மாற்றலாம். கோஸ் போர்ட்டா புரோ 1984-இலும், சோனி எம்டிஆர்-7506 1991-இலும் வந்தவை. இன்னமும் புதிதாக விற்கிறார்கள், மாற்று உதிரிகளும் கிடைக்கின்றன. ஹெட்ஃபோனில் "இந்த ஆண்டு மாடல்" என்பதற்குப் பெரிய மதிப்பில்லை என்பதற்கு இவையே சாட்சி.

ஆகவே, பாட்டுதான் முக்கியம் என்றால் முதல் தேர்வு கேபிள் கழற்றி மாட்டக்கூடிய வயர் இயர்ஃபோன். காதுக்குள் செருகுவது ஒத்துக்கொள்ளாதவருக்கு ஓப்பன் பேக். ஓடும்போதும் உடற்பயிற்சியிலும் கேட்பவர் மட்டும் தயங்காமல் ப்ளூடூத் வாங்கலாம்.

கே: பெட்டியில் 50 மி.மீ. டிரைவர், 20–20,000 ஹெர்ட்ஸ், 32 ஓம், 100 டெசிபெல் என்று போட்டிருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

ப: முதல் இரண்டையும் விட்டுவிடுங்கள். டிரைவர் பெரிதாக இருப்பதால் ஒலி நன்றாக இருந்துவிடாது. 20–20,000 என்பதுடன் "இத்தனை டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள்" என்ற வரம்பு இல்லையென்றால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. 20 ஹெர்ட்ஸில் 15 டெசிபெல் சரிந்து கிடக்கும் ஹெட்ஃபோனும் அதே எண்ணை அச்சடித்துக்கொள்ளலாம். 40,000 ஹெர்ட்ஸ் வரை போகும் என்ற ஸ்டிக்கரும் அப்படித்தான். மனிதக் காதுக்கு 20,000-க்கு மேல் கேட்காது.

கடைசி இரண்டும் முக்கியம், ஆனால் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஓம் என்பது மின்தடை, டெசிபெல் என்பது ஒலியின் உரப்பு. அந்த 100 டெசிபெல் ஒரு மில்லிவாட்டுக்கா, ஒரு வோல்ட்டுக்கா என்று கவனியுங்கள். மில்லிவாட் கணக்கென்றால் அதை வோல்ட் கணக்குக்கு மாற்ற வேண்டும்: 16 ஓமுக்கு 18, 32 ஓமுக்கு 15, 63 ஓமுக்கு 12, 250 ஓமுக்கு 6, 300 ஓமுக்கு 5 கூட்டுங்கள். 32 ஓம் ஹெட்ஃபோனில் 100 என்பது வோல்ட்டுக்கு 115 ஆகும். 300 ஓமில் அதே 100 என்பது 105 மட்டுமே. பெட்டியில் ஒரே எண், காதில் 10 டெசிபெல் வித்தியாசம்.

போனிலும் சின்ன டைப்-சி அடாப்டரிலும் பொதுவாக அரை வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட் வரை கிடைக்கும். எனவே வோல்ட்டுக்கு 110 அல்லது அதற்கு மேல் வந்தால் போனே போதும். 100-ஐ ஒட்டி இருந்தால் தனியாக ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் தேவைப்படும். அந்தச் செலவையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பேயர்டைனமிக் டிடி 770 புரோ 32, 80, 250 ஓம் என்று மூன்று வகையாகக் கிடைக்கிறது. போனில் நேரடியாகச் செருகப் போகிறவர் 250-ஐ எடுத்தால், குறைந்த உரப்பில் பதிவான பாட்டுகளுக்கு வால்யூம் எட்டாமல் போகலாம்.

டைப்-சி அடாப்டர் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சில அடாப்டர்களுக்குள் வெறும் கம்பி மட்டுமே இருக்கும். டிஜிட்டலை ஒலியாக மாற்றும் சிப் இருக்காது. அது சில போன்களில் மட்டுமே வேலை செய்யும். விவரத்தில் "டாக்" (DAC, அந்தச் சிப்பின் பெயர்) இருப்பதாகப் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

கே: ஒரு காதுக்கு நான்கு டிரைவர், ஆறு டிரைவர் என்று குறைந்த விலையிலேயே விற்கிறார்களே, ஒன்றே ஒன்று உள்ளதைவிட அவை மேலானவையா?

ப: இல்லை. டிரைவர் கூடக்கூட ஒலியைப் பங்கிடும் கிராஸ்ஓவர் சர்க்யூட்டும், ஒவ்வொன்றும் ஒன்றோடொன்று இழையும் துல்லியமும் வேண்டும். மலிவு விலையில் அந்த இழைப்புதான் முதலில் அடிபடும். ஒழுங்காக ட்யூன் செய்த ஒற்றை 10 மி.மீ. டைனமிக் டிரைவர், அவசரத்தில் அடுக்கிய ஆறு டிரைவரை எளிதாக மிஞ்சும்.

ட்யூனிங் என்றால் என்ன என்பதற்கு ஒரு சிறு விளக்கம். காதுத் துளை தன் அமைப்பாலேயே 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைத் தூக்கிக் கொடுக்கிறது. இயர்ஃபோன் அந்தத் துளையை அடைத்துவிடுவதால், இழந்த அந்த ஏற்றத்தைத் தயாரிப்பவரே திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் குரல் பின்னுக்குப் போய்விடும். எவ்வளவு கொடுத்தால் பெரும்பாலோருக்குப் பிடிக்கிறது என்பதை ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் ஆய்ந்து வெளியிட்ட வளைகோடுதான் இன்று "ஹார்மன் டார்கெட்" என்று எல்லோரும் சொல்வது.

விமர்சகர்கள் வெளியிடும் அளவீட்டு வரைபடத்தைப் பார்க்கும்போது மூன்று இடங்களைப் பாருங்கள். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் சில டெசிபெல் மட்டும் உயர்ந்திருக்க வேண்டும். 1,000-இலிருந்து 3,000 வரை சீராக மேலேற வேண்டும். 5,000–7,000 பகுதியில் ஊசிபோல் எதுவும் குத்திக்கொண்டு நிற்கக் கூடாது. நின்றால் 'ஸ', 'ச' ஒலிகள் காதைக் கிழிக்கும். 8,000-ஐ ஒட்டித் தெரியும் கூர்முனையைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் அளக்கும் கருவியின் குழாயில் எழும் ஒத்ததிர்வு.

கே: எல்லோரும் பேஸ் பிரமாதம் என்று புகழ்ந்த இயர்ஃபோனை வாங்கினேன். எனக்குத் தகர டப்பா போலக் கேட்கிறது. போலியா?

ப: போலியாக இருக்கலாம். ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரப்பர் முனையை. காதுத் துளையில் அடைபட்டிருக்கும் காற்று மிகக் கொஞ்சம். ஊசிமுனை அளவு இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலியின் அழுத்தம் அதன் வழியாக வெளியேறிவிடும். உயர்ந்த ஒலி அப்படியே நிற்கும். அதனால்தான் தகர டப்பா.

செருகும் முறை இது. வலது காதுக்குச் செருகும்போது இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதின் மேல் விளிம்பைப் பிடித்து, மேலும் பின்னுமாக மெல்ல இழுங்கள். வளைந்த துளை நேராகும். அப்போது இயர்ஃபோனை லேசாகத் திருகியபடி உள்ளே வைத்துவிட்டு, காதை விடுங்கள். துளை முனையைச் சுற்றி இறுகும். இப்போது 40 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைக் குறைந்த வால்யூமில் ஓடவிட்டு, இயர்ஃபோனை விரலால் லேசாக அழுத்துங்கள். அழுத்தும்போது ஒலி திடீரெனப் பெருகினால் அடைப்பு சரியில்லை. அடுத்த பெரிய அளவை மாட்டுங்கள். வாயைத் திறந்து மூடும்போது பேஸ் வந்து வந்து போனாலும் அதே மருந்துதான். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதில்லை. வலதுக்கு நடுத்தரமும் இடதுக்குப் பெரியதும் தேவைப்படுபவர்கள் நிறையப் பேர்.

பெட்டியில் வரும் மூன்று அளவும் பொருந்தவில்லையென்றால் ஃபோம் முனைகளைப் பாருங்கள். விரலால் உருட்டி நசுக்கி உள்ளே வைத்து, அது விரியும்வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். அடைப்பு அருமையாக இருக்கும். ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) கொஞ்சம் மழுங்கும். சில மாதங்களில் நைந்துவிடும். இன்னொன்று: செருகும்போது உள்ளே 'சரக்' என்று மடங்கும் சத்தம் வந்தால் அஞ்ச வேண்டாம். காற்றழுத்தத்தில் டிரைவரின் சவ்வு வளைவதுதான் அது. இயர்ஃபோனின் உடலில் உள்ள சின்னக் காற்றுத் துளையை விரலால் மூடாமல் மெதுவாகச் செருகினால் குறையும்.

கே: நான் கண்ணாடி அணிபவன். காதை மூடும் ஹெட்ஃபோனில் பேஸ் எழும்பவே இல்லை.

ப: காரணம் மேலே சொன்னதேதான், இடம் மட்டும் வேறு. கண்ணாடிக் கம்பி இயர் பேடைத் தூக்கிப் பிடிப்பதால் அதன் அடியில் கசிவு. இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். பேஸ் கூடினால் சந்தேகமில்லை. மெல்லிய கம்பி உள்ள ஃபிரேம், மிருதுவான தடித்த பேட் இரண்டும் உதவும். இந்த அடைப்பை அவ்வளவாக நம்பி இராத ஓப்பன் பேக், அல்லது காதின் மேல் ஸ்பாஞ்சு வைத்து உட்காரும் போர்ட்டா புரோ போன்றவை கண்ணாடிக்காரர்களுக்கு ஏற்றவை.

பேட் பழசாகித் தோல் உரிந்து தட்டையானாலும் இதே கதைதான். புதிய பேட் வாங்கும்போது கிண்ணத்தின் வெளி விட்டத்தை மி.மீ. கணக்கில் அளந்துகொள்ளுங்கள். வெல்வெட் இருந்த இடத்தில் தோலோ, தோல் இருந்த இடத்தில் வெல்வெட்டோ மாட்டினால் ஒலியின் குணமே மாறிவிடும். இருந்த வகையையே போடுங்கள்.

கே: திடீரென்று பாடகரின் குரல் மட்டும் காணாமல் போய்விட்டது! வாத்தியங்கள் கேட்கின்றன, எதிரொலி கேட்கிறது, குரல் இல்லை.

ப: ஹெட்ஃபோன் கெடவில்லை, பிளக்கில் தரைக் கம்பியின் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. பிளக்கின் நுனி இடது, அடுத்த வளையம் வலது, அதற்கடுத்தது இரண்டுக்கும் பொதுவான தரை. தரை தொடாதபோது இடது டிரைவரின் மின்சாரம் வலது டிரைவர் வழியாகத் திரும்புகிறது. விளைவு, இரண்டு பக்கத்துக்கும் இடையேயான வித்தியாசம் மட்டுமே ஒலிக்கும். குரல் பெரும்பாலும் இரண்டிலும் சம அளவில் பதிவாகியிருப்பதால் அது அடிபட்டுப்போகிறது.

போன் உறையின் தடிப்பு பிளக்கை முழுதாக உள்ளே போகவிடாமல் தடுக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, துளைக்குள் பஞ்சும் தூசும் இறுகியிருக்கும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் நெம்பி எடுங்கள், ஊசி வேண்டாம். மைக் உள்ள பழைய இயர்ஃபோன் என்றால் மைக் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். பிடித்திருக்கும்வரை குரல் வந்து, விட்டதும் போனால், அதில் மைக்கும் தரையும் பழைய முறைப்படி இடம் மாறி இருக்கின்றன என்று அர்த்தம். அதற்கென்று சிறிய மாற்று இணைப்பு உண்டு.

கே: ப்ளூடூத் ஹெட்ஃபோன் போனில் நன்றாகப் பாடுகிறது. லேப்டாப்பில் மீட்டிங் திறந்தால் பழைய டெலிஃபோன் போலாகிவிடுகிறது.

ப: ஹெட்ஃபோனின் மைக்கை லேப்டாப் கேட்ட உடனேயே இணைப்பு, ஹேண்ட்ஸ்-ஃப்ரீ முறைக்கு மாறுகிறது. ஸ்டீரியோ போய் ஒற்றை ஒலியாகிறது. 4,000 அல்லது 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது. ஒலி அமைப்பில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள்; ஹெட்ஃபோன் பழைய நிலைக்குத் திரும்பும்.

கே: கடையில் போட்டுப் பார்க்க அனுமதித்தால் என்ன சோதிக்கலாம்?

ப: உங்கள் போன், உங்களுக்கு மனப்பாடமான மூன்று பாட்டு. ஒன்றில் குரல் தனித்து நிற்க வேண்டும், ஒன்றில் பேஸ் கிடார் இழைந்து வர வேண்டும், ஒன்றில் நிறைய வாத்தியங்கள் ஒரே நேரத்தில் முழங்க வேண்டும். கடையின் டெமோ பாட்டில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

இரண்டை ஒப்பிடும்போது குரல் இரண்டிலும் ஒரே உரப்பில் கேட்கும்படி வால்யூமைச் சரிசெய்த பிறகே முடிவெடுங்கள். ஒரு டெசிபெல் உரக்கக் கேட்பதைக்கூட மனம் "தெளிவாக இருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளும். நிறையப் பேர் தவறானதை வாங்கி வருவது இந்த இடத்தில்தான்.

குரல் நட்டநடுவில் நிற்கிறதா என்று கேளுங்கள். வலப்பக்கம் சாய்ந்தால் ஹெட்ஃபோனை இடம் வலம் மாற்றிப் போடுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் கோளாறு ஹெட்ஃபோனில் அல்லது போனில். மாறாவிட்டால் உங்கள் காதில், அல்லது பொருத்திய விதத்தில். பழையதை வாங்குவதானால் 20-இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை ஏறும் சோதனை ஒலியை மெதுவான வால்யூமில் ஓடவிடுங்கள். ஏதோ ஓரிடத்தில் 'ஜிர்ர்' என்று அதிர்ந்தால் பெரும்பாலும் சவ்வின் மேல் ஒரு தலைமுடி கிடக்கும். பேடைக் கழற்றி எடுத்துவிட்டால் தீரும். தீராவிட்டால் டிரைவரே போயிருக்கிறது, வாங்காதீர்கள்.

கடைசியாக, இருபது நிமிடமாவது தலையில் வைத்திருங்கள். காது மடல் வலித்தால் ஒலி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த ஹெட்ஃபோன் அலமாரிக்குத்தான் போகும்.

கே: ஈக்வலைசர் போட்டு மலிவான ஹெட்ஃபோனைத் தேற்ற முடியுமா?

ப: முடியும், பணம் செலவழிக்காமல் கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம் இதுதான். தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் மென்பொருள்தான் ஈக்வலைசர். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட் இரண்டும் போதும். எண்ணற்ற மாடல்களுக்கு அளவீடுகளின் அடிப்படையில் தயாரான திருத்தங்கள் ஆட்டோஈக்யூ என்ற இலவசத் தொகுப்பில் உள்ளன. உங்கள் மாடல் இருந்தால் அதைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மாடல் இல்லையென்றால் கையால் செய்யலாம். பேஸ் போதவில்லையா? 105 ஹெர்ட்ஸில் 'லோ ஷெல்ஃப்' (அதற்குக் கீழுள்ள ஒலி முழுவதையும் ஏற்றுவது), 3 முதல் 5 டெசிபெல் ஏற்றம். குடத்துக் குரலா? 200–250 ஹெர்ட்ஸில் 2 அல்லது 3 டெசிபெல் இறக்கம். 'ஸ' குத்துகிறதா? 5,000-இலிருந்து 9,000 வரை ஒரு குறுகிய பட்டையை 4 டெசிபெல் இறக்கி வைத்துக்கொண்டு, அதை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். குத்தல் அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

மறக்கக் கூடாதது ப்ரீஆம்ப், அதாவது ஈக்வலைசரில் மொத்த ஒலி அளவை மாற்றும் அமைப்பு. அதிகபட்ச ஏற்றம் 5 டெசிபெல் என்றால் ப்ரீஆம்பை மைனஸ் 5-இல் வையுங்கள். வைக்காவிட்டால் உரத்த இடங்களில் ஒலி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். பழி ஹெட்ஃபோன் மேல் விழும். ப்ரீஆம்ப் குறைத்த பிறகு ஒலி மந்தமாகத் தோன்றினால் வால்யூமைக் கூட்டிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். போனில் ஏற்கெனவே வேறு ஒலி மெருகேற்றம் ஓடினால் அணைத்துவிடுங்கள். ஓப்பன் பேக்கில் 30 ஹெர்ட்ஸை 10 டெசிபெல் ஏற்றும் ஆசை வேண்டாம். அந்தச் சவ்வால் அவ்வளவு தூரம் அசைய முடியாது, ஒலி சிதையும்.

கே: புதிய ஹெட்ஃபோனை நூறு மணி நேரம் ஓடவிட்டால்தான் ஒலி திறக்கும் என்கிறார்களே?

ப: பேட் தலைக்கேற்ப மிருதுவாகப் படிவதும், உங்கள் காது அதற்குப் பழகுவதும்தான் பெரும்பங்கு. முதல் நாளே பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை காத்திருக்காதீர்கள்.

கே: எவ்வளவு வால்யூம் பாதுகாப்பானது?

ப: உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபெல், குழந்தைகளுக்கு அதே நேரத்துக்கு 75. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் 5 மணி. வால்யூமை வீட்டின் அமைதியில் வைத்துப் பழகுங்கள். வெளியே சத்தத்தில் அதைக் கூட்டத் தோன்றினால் அது அடைப்பு போதவில்லை என்பதற்கான அறிகுறி. கேட்டு முடித்தபின் காதில் 'ங்ங்' என்று ரீங்காரம் இருந்தால் அளவு மிஞ்சிவிட்டது.

கே: ஒரு பக்கம் மட்டும் கேட்கவில்லை. தூக்கிப் போட்டுவிடவா?

ப: வேண்டாம். போனின் அமைப்பில் இடம்–வலம் சமநிலை நகர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இயர்ஃபோன் என்றால் முனையைக் கழற்றி, வலையில் காது மெழுகு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வலைப்பக்கம் கீழே நோக்கும்படி பிடித்து, உலர்ந்த மென்மையான பிரஷால் தட்டி எடுங்கள். திரவம் எதையும் ஊற்றாதீர்கள்.

அடுத்தது கேபிள். பிளக்கை ஒட்டிய இடத்தை மெல்ல வளைத்துப் பாருங்கள்; ஒலி விட்டு விட்டு வந்தால் முறிவு அங்கேதான். மல்டிமீட்டர் இருந்தால் பிளக்கின் நுனிக்கும் தரைக்கும் இடையே ஒருமுறை, வளையத்துக்கும் தரைக்கும் இடையே ஒருமுறை அளக்கலாம். 32 ஓம் ஹெட்ஃபோனில் இரண்டுமே 30-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். ஒன்று எதையும் காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ ஷார்ட்.

கழற்றக்கூடிய கேபிள் என்றால் 0.78 மி.மீ. இரட்டை முள்ளா, எம்எம்சிஎக்ஸா (அழுத்தினால் பொருந்தும் வட்ட இணைப்பு) என்று பார்த்துப் புதிதை மாட்டிவிடலாம். இல்லையென்றால் முறிவுக்கு மேலே 3 செ.மீ. விட்டு வெட்டி, புதிய பிளக் வைத்து சால்டர் செய்யலாம். பிளக்கின் மூடியையும், சூட்டில் சுருங்கி இறுகும் குழாயையும் முதலிலேயே கேபிளில் கோத்துவிடுங்கள். உள்ளே உள்ள மெல்லிய கம்பிகளின் மேல் பளபளக்கும் எனாமல் பூச்சு இருக்கும். அது போகாமல் ஈயம் ஒட்டாது. சூடான சால்டர் முனையில் ஈயத் துளியை வைத்து, கம்பி நுனியை அதற்குள் சில வினாடிகள் அமிழ்த்தினால் பூச்சு கருகி விலகும். வழக்கமாகச் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் தரை. ஆனாலும் மீட்டரில் உறுதிசெய்துகொண்டே ஒட்டுங்கள். எல்லாம் முடிந்து பேஸ் காணாமல், குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றிப் பரவினால், ஒரு பக்கத்தின் இரண்டு கம்பிகள் தலைகீழாகிவிட்டன. அந்தப் பக்கத்தை மட்டும் பிரித்து மாற்றி ஒட்டுங்கள்.